எதிர்ப்பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபம்

எனக்கு ரோட்டைக் கடக்கத் தெரியாது. பத்தாவது வரை படித்திருக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் மில்லில் வேலை பார்த்திருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இருந்தும் தெரியாது. கையைக் காட்டி வண்டியை நிறுத்தவேண்டும் என்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கையைக் காட்டுவது?

இந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் வாழ்வது கஷ்டம். ஊருக்கு நடுவே போகிற மெயின் ரோடேதான் தேசிய நெடுஞ்சாலை. ஆலங்குளத்து சிமெண்ட் லாரி, தென்காசி பஸ், கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற வண்டி எல்லாம் அதில்தான்.

என் அண்ணன் கல்யாணத்தில் மண்டபம் ரோட்டுக்கு ஒரு பக்கம், அம்மன் கோயில் மறுபக்கம். அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த தாலியை முகூர்த்தத்துக்குள் மேடைக்குக் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். (சும்மா நின்றவன் நான் ஒருவன்தான்.) மாமா என்னைப் பைக்கில் கோயிலில் இறக்கிவிட்டு, வாழை இலை போதவில்லை என்று சந்தைக்குப் போய்விட்டார்.

தாலி சட்டைப்பையில் இருக்கிறது. மண்டபம் கண்ணெதிரே. மேளச் சத்தம்கூடக் கேட்கிறது. ஒரு காலை எடுத்து வைப்பேன், லாரி ஹாரன் அடிக்கும், தப்புச் செய்தவன் மாதிரி பின்வாங்குவேன். இப்படியே இருபது நிமிடம். இடையில் ஒரு ஆடு குட்டியோடு நிதானமாகக் கடந்து போனது. பூக்கூடை வைத்திருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

“தம்பி, அந்தப் பக்கம் போகணுமா? எங்கூட வாரியளா?”

“இல்லக்கா, சும்மா நிக்கேன்” என்றேன். (அங்கே நின்ற நேரத்தில் வாயைத் திறந்ததே அந்த ஒரு தடவைதான்.)

அப்போது ஒரு யோசனை வந்தது. இங்கே டவுன் பஸ் ஏறினால், அது பஸ் ஸ்டாண்டில் திரும்பி வந்து மண்டபத்து வாசலிலேயே இறக்கிவிடும். பதற்றத்தில் போர்டைப் பார்க்காமல், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது திரும்பவே இல்லை. கண்டக்டர், இனி ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நிற்கும் என்றார். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். திரும்பிப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. நடுவில் அதே ரோடு.

அண்ணன் போனில் கூப்பிட்டான்.

“ஏலே, எங்க நிக்க?”

“மெயின் ரோட்டுலதாண்ணே.”

“நான் மாலையோட வாசல்ல நிக்கேன். உன்னையக் காணலையே.”

“ஸ்ரீவில்லிபுத்தூர்லண்ணே.”

பிறகு, “யாராச்சும் ஒரு மஞ்சக் கெழங்கு எடுத்துட்டு வாங்க” என்று அவன் சொல்வது கேட்டது.

மஞ்சள் கயிற்றில் கிழங்கைக் கட்டி, அதைத் தாலியாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஆட்டோக்காரர் புண்ணியத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா, ஆரம்பமே இப்படியா என்று அழுதுகொண்டிருந்தார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. வேர்வையில் நனைந்திருந்த தாலியை நீட்டியபோது, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ரோட்டில் போன லாரிகளுக்கே அது பிளக்கவில்லை, எனக்கா பிளக்கப்போகிறது?

அந்த மஞ்சள் கிழங்கு காய்ந்து சுருங்கி மதினியின் பீரோவில் இன்னும் இருக்கிறது. அண்ணனோடு சண்டை வந்தால் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

“எம்புட்டு நல்ல மனசு கொழுந்தனாருக்கு. யோசிச்சுக்கோன்னு எனக்கு அரை மணி நேரம் குடுத்தாரு. நாந்தான் எந்திரிச்சு ஓடாம உக்காந்திருந்துட்டேன்.”