என் தலையை வாசித்த பிள்ளை

நான் சொன்ன பொய்களுக்கு நானே பொறுப்பு, அதில் வழக்கில்லை. ஆனால் என் கணவர் லிஃப்டுக்குள் நின்று சொன்ன பொய்க்கு நான் நான்கு மாதம் தண்டனை அனுபவித்தது எந்த ஊர் நியாயம் என்று இன்றைக்கும் கேட்பேன். (கேட்டால் அவர் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார்.)

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஏழாம் மாடியில் நாங்கள் இருந்த காலம். இரண்டாயிரத்து நான்கு என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெண்மணி இருந்தார். உணவகமொன்றில் சமையல் வேலை. அவரின் பதின்மூன்று வயது மகள் ஜிங் அந்த மாசி மாதம்தான் சீனாவிலிருந்து வந்திருந்தாள். பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பிக்க ஆள் தேடுவதாக அந்த அம்மா லிஃப்டில் தன் உடைந்த நோர்ஸ்க் மொழியில் சொல்ல, எங்கள் வீட்டுக்காரர் தன் உடைந்த நோர்ஸ்க்கில், "என்ரை மனுசி ஊரிலை இங்கிலீஷ் ரீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

ஊரில் நான் ரீச்சர்தான். தையல் ரீச்சர். அதுவும் ஆறு மாதம், இன்னொருவரின் பிரசவ லீவுக்கு.

"இஞ்சேருங்கோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன்.

"சும்மா ஒரு மதிப்புக்குச் சொன்னனான். நீர் ஓ.எல்.லிலை இங்கிலீஷ் பாஸ்தானே?"

"சாதாரண பாஸப்பா."

"சின்னப் பிள்ளைதானே, சமாளிப்பீர்."

அப்போதே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோர்வேக்கு வந்து இரண்டு வருடமாக நான் மொழி வகுப்பில் கடைசி வாங்கில் இருந்துகொண்டு பிழை பிழையாகக் கதைக்கும் ஒருத்தி. அடுத்த நாள் அந்த அம்மா கதவைத் தட்டி, என்னைப் பார்த்துத் தலை குனிந்து "ரீச்சர்" என்று கூப்பிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உச்சி குளிர்ந்த கையோடு அடுத்த செய்தி வந்தது. ஆனி மாதம் நகரத்தில் இங்கிலீஷில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் ஜிங்குக்குத் தேர்வு. அதில் இடம் கிடைத்தால்தான் பிள்ளை ஒஸ்லோவில் இருக்கலாம், இல்லாவிட்டால் ஓகஸ்டில் திருப்பி அனுப்பவேண்டும் என்று சீனாவில் இருக்கும் தகப்பனின் கட்டளை. "ஆறு வருடம் நான் இவளைப் பார்க்கவில்லை" என்றார் அந்த அம்மா. அதைக் கேட்ட பிறகு தையல் கதையை எப்படி எடுப்பது?

ஜிங் ஒரு தடித்த பயிற்சிப் புத்தகத்தோடு வந்தாள். அவள் ஊரில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கரைத்துக் குடிப்பார்களாம். ஒரு பந்தியை வாசிக்கவேண்டும். கீழே ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு விடை. மிஸ்டர் பிரவுன் ஏன் குடையை மறந்தார்? இந்தப் பந்திக்குப் பொருத்தமான தலைப்பு எது? எங்கள் காலத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பினோம், வீட்டுக்குப் போனோம். இங்கே நான்கு தலைப்பையும் பார்த்தால் நான்குமே பொருத்தமாக இருந்தன.

தெய்வம் கைவிடவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், சீன எழுத்துகளுக்கு நடுவே, எல்லா விடைகளும் வரிசையாக இருந்தன. "ஆயத்தம் செய்யவேண்டும்" என்று சொல்லி, வகுப்புக்கு முதல் நாளே புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வேன். பி, சி, ஏ, டி, சி என்று சோறு வடிக்கும்போதெல்லாம் பாடமாக்குவேன். (பந்தியை வாசித்தேனா என்று கேட்காதீர்கள்.) அடுத்த நாள் ஜிங் ஒவ்வொரு கேள்வியாகச் செய்வாள். ஐந்துக்கு ஐந்து. அடுத்த கிழமையும் ஐந்துக்கு ஐந்து. தாய்க்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. தட்டுத் தட்டாக ரோல்ஸ் வந்தது. வெள்ளிக்கிழமைகளில்கூடப் பன்றி இறைச்சி ரோல்ஸைப் பாவம் பார்க்காமல் என் கணவர் தின்றார்.

நான் கெட்டிக்காரி என்று நானே நம்பத் தொடங்கிய வேளையில், தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, தாய் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். மெலிந்திருந்தது.

"விடைப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்" என்றார். "எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாரும் கிழிப்பார்கள். நான் மறந்துபோனேன். இவள் எப்போதும் முழுப் புள்ளி எடுக்கிறாள். பார்த்து எழுதுகிறாளோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லைத்தானே, ரீச்சர்."

கள்ளி நான், பழி பிள்ளைமேல். "இல்லை, தேவையில்லை" என்று சிரித்தேன்.

அடுத்த வகுப்பில் ஜிங் பந்தியை வாசித்தாள். பென்சிலை ஏயில் வைத்தாள், என்னைப் பார்த்தாள். பியில் வைத்தாள், என்னைப் பார்த்தாள். சி, டி. திரும்பவும் ஏ. ஐந்து நிமிடமாக ஒரு கேள்வி.

"ரீச்சர், உங்களுக்குச் சுகமில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஏன்?"

"இன்றைக்குத் தலை ஆடவில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் எழுந்து நின்று செய்து காட்டினாள். சரியான விடையில் பென்சில் போனதும் என் தலை இப்படி ஆடுமாம், இடமும் வலமும், மெதுவாக. பிழையான விடையில் அசையாமல் நிற்குமாம். அச்சொட்டாக என்னைப் போலவே ஆட்டினாள். என் மாமியார்கூட என்னை அப்படிக் கவனித்ததில்லை.

ஆக, நான்கு மாதமாக அவள் வாசித்தது மிஸ்டர் பிரவுனை அல்ல. என் தலையை. அந்தத் தலையோ கடைசிப் பக்கத்தை வாசித்தது. பந்தியை வாசித்தவர் எங்கள் இருவரில் ஒருவருமில்லை. ஓகஸ்டில் இந்தப் பிள்ளை விமானம் ஏறினால் அது என்னால்தான் என்று நினைத்ததும் அழுதேவிட்டேன்.

"நான் இங்கிலீஷ் ரீச்சர் இல்லை, ஜிங். தையல் ரீச்சர்."

"அம்மாவிடம் சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு தன் அகராதியை எடுத்து நடுவில் வைத்தாள்.

அந்தப் பத்து நாளும் இருவரும் மாணவிகள். நான் தலை ஆடாதபடி தோளைச் சுற்றிச் சால்வையை இறுக்கி, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். நான் ஒரு விடை சொல்வேன், அவள் வேறொன்று சொல்வாள், அகராதியோடு மல்லுக்கட்டுவோம். யார் சரி என்று தெரிய வழியில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் மட்டும், "சின்னப் பிள்ளைதானே" என்றார். நான் பார்த்த பார்வையில் அந்த வசனத்தைப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

தேர்வு நாளன்று தாய்க்கு வேலை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ட்ரெயினில் நகரம் வரும்வரை பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தபடி வந்தேன். தேர்வு அறையில் ஒரு நோர்வேஜிய அம்மையார், துணைக்கு வந்தவரும் இருக்கலாம் என்று எனக்கும் கதிரை காட்டினார். ஜிங்குக்கு நேரெதிரே.

கடைசியாக வந்தது ஒரு கிழவர் சைக்கிள் வாங்கிய கதை, மூன்று பந்தி. தலைகீழாகவே வாசித்தேன். (பத்து நாளில் அவ்வளவு தேறியிருந்தேன்.) அருமையான சிவப்புச் சைக்கிள். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம், ஏதோ. பொருத்தமான தலைப்பு எது? பி: புதிய சைக்கிள். சி: ஒரு நல்ல அயலவர். சந்தேகமென்ன, பிதான்.

ஜிங்கின் பென்சில் பியில் நின்றது. பழைய பழக்கத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கழுத்தை இறுக்கினேன், பல்லைக் கடித்தேன். பாழாய்ப்போன தலை ஆடிவிட்டது.

அவள் பார்த்தாள். தாளில் இன்னொரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, பென்சிலை எடுத்து சியில் வட்டம் போட்டாள்.

அம்மையார் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். "பியில் வைத்திருந்தாய். இவரைப் பார்த்துவிட்டு மாற்றினாய். ஏன்?" என்று கேட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணுக்குள் விமான நிலையம் தெரிந்தது.

"பி முதல் பந்திக்கு மட்டும்தான் சரி" என்றாள் ஜிங். "கிழவர் அந்தச் சைக்கிளை ஓடவேயில்லை. பிள்ளைக்குக் கொடுத்தார். தலைப்பு முழுக் கதைக்கும் இருக்கவேண்டும். ரீச்சர் எப்போதும் முதல் பந்தியோடு நின்றுவிடுவார்."

"அப்படியானால் ஏன் அவரைப் பார்த்தாய்?"

"ரீச்சரின் தலை ஆடினால், நான் இன்னொரு முறை வாசிப்பேன்."

அம்மையார் குனிந்து ஏதோ எழுதினார். அவரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. அந்த வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்றிருந்தது. அதே நேரம் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போலவும் இருந்தது.

இடம் கிடைத்தது. தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஜிங் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் உறவெல்லாம் கூட்டிச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோபா வாங்கினாலும் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும், முதலில் என் தலையைப் பார்ப்பார்கள். அது ஆடினால், "அப்ப இன்னொருக்கா யோசிப்பம்" என்பார்கள்.

ஜிங் இப்போது திராமன் நகரில் மருந்தாளராக இருக்கிறாள். போன வருடம் தான் கட்டப்போகும் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பணிவான பிள்ளை, என் சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அவன் கை கழுவப் போன நேரம் ஜிங் என்னையே பார்த்தாள். என்னை அறியாமல் தலை ஆடியது.

அவளின் முகம் வாடிவிட்டது.

"ரீச்சர், கடைசிப் பந்திவரை வாசித்துவிட்டுத்தானே ஆட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள்.