வில்லன் கிடைக்காத தொடர்

"உங்க தொடர்ல வர்ற மாமியாரை என்னைப் பாத்துதான் எழுதியிருக்கீங்க" என்று ஒரு பெண்மணி தொலைபேசியில் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தொடரை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது என்றுதானே அர்த்தம்? தொலைக்காட்சியின் புதுத் தலைமை நிர்வாகியோ, மானநஷ்ட வழக்கு எத்தனை லட்சத்துக்கு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

போன மாதம்வரை அவர் கம்பெனி வக்கீல். ஒரு பெரிய கம்பெனி இன்னொன்றை விழுங்கும்போது தொண்டையில் முள் சிக்காமல் பார்த்துக்கொள்வது தொழில். 'கூடாது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வீடு, கார் எல்லாம் வாங்கியவர். தொலைக்காட்சியின் முதலாளியம்மா தேடி வந்து, நீங்கள்தான் நடத்த வேண்டும் என்று கேட்டபோது, தனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கலைஞனை உலகம் ஒருவழியாகக் கண்டுகொண்டது என்று நினைத்தார்.

"உங்களுக்குக் கதையும் தெரியாது, சிரிப்பும் வராது. அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது கதாசிரியரைக் கூப்பிட்டு, மாமியாரை உடனே நல்லவளாக்கச் சொன்னார்.

"அப்ப மருமக எதுக்கு சார் அழணும்?"

"அழ வேணாம்."

மறுநாள் மாமியார் மருமகளுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்தாள். வில்லியாகவே நடித்துப் பேர் வாங்கிய நடிகை, பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாகச் சண்டைக்கு வந்தாள்.

கெட்டது செய்ய ஓர் ஆள் வேண்டுமே என்று ஒரு டாக்டரை நுழைத்தார். டாக்டர்கள் சங்கம் கொதித்தது. டாக்டரை அவசரமாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு வக்கீலை வைத்தார். சொந்த இனம் தன்னைக் காட்டிக்கொடுக்காது என்று நம்பிக்கை. நோட்டீஸ் அவருடைய பழைய அலுவலகத்திலிருந்தே வந்தது. அதில் பாதி வாக்கியங்கள் அங்கே அவர் எழுதிப் பழக்கியவை. படிக்கும்போது பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது.

கடைசியில் உறவு, தொழில், பெயர் எதுவுமே இல்லாத ஒருவன் வில்லனாக வந்தான். என்ன செய்தாலும் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்பதால், அந்த வாரம் முழுக்க வாசலில் சும்மா நின்றான்.

"ஒரு தடவை முறைக்கவாவது விடலாமா சார்?" கதாசிரியர் கெஞ்சினார்.

"யாரை முறைச்சான்னு கேட்டா என்ன பதில் சொல்றது?"

கதாசிரியர் அன்றே போட்டித் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. அங்கே அவள் வந்ததும் வராததுமாக மருமகளை மாடிப்படியில் உருட்டிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் அப்பாடா என்று அந்தப் பக்கம் போக, விளம்பரக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். நிர்வாகியின் மனைவியும் அதைத்தான் பார்த்தாள். அவர் கூடத்துக்கு வந்தால் மட்டும், மரியாதைக்குச் சத்தத்தைக் குறைத்தாள்.

அந்தக் குறைந்த சத்தம்தான் அவரை உடைத்தது. ஊரார் தப்பையெல்லாம் வருமுன் தடுத்த மனுஷனுக்கு, தன் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பிடிபடவில்லை. வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அவள் குத்திக்காட்டவில்லை. "விடுங்க, பழைய வக்கீல் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டா போச்சு" என்றாள். அது இன்னும் வலித்தது.

மறுநாள் காலை முதலாளியம்மாவின் அறையில் தலை குனிந்து நின்றார். சேனலைக் குட்டிச்சுவராக்கியது தான்தான் என்றும், விலகிக்கொள்வதாகவும் சொல்லி முடித்தார். அந்தம்மா எழுந்து வந்து, தன் கையாலேயே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"விலகறதாவது? இப்பதான் என் தம்பி, 'இந்த விளங்காத சேனல்ல எனக்குப் பங்கே வேணாம்க்கா, நீயே வச்சுக்கோ'ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறான். அடுத்து தங்கச்சியோட பாகம் பிரிக்கணும், அதுக்குள்ள நம்ம பத்திரிகையையும் கொஞ்சம் பாத்துக்கோங்க சார்."