மூலத்தில் இப்படி இல்லையே

மூலம் படித்தவர் என்று ஓர் இனம் உண்டு. மூலம் என்றதும் மருந்துக்கடைப் பக்கம் ஓடாதீர்கள். நான் சொல்வது மூலநூலை. ஆனாலும் மனிதனை நிம்மதியாக உட்கார விடாது என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

நார்வேயின் வடகோடியில், கடலோரத்து எங்கள் ஸ்வோல்வேரில் இந்த இனத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் பல் டாக்டர் தோர்க்ரிமைப் பார்த்தால் போதும். பழைய நாடகங்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகம், மேடை நாடகத்தைத் திரைக்குக் கொண்டுபோவது எப்படி என்று அதைவிடத் தடியாக ஒன்று, திரைக்கு ஒளியமைப்பது பற்றிக் கலிபோர்னியாவில் அச்சான மூன்றாவது ஒன்று, மூன்றையும் கரைத்துக் குடித்தவர்; வாழ்நாளில் ஓர் ஏணி ஏறி ஒரு விளக்கை மாட்டியவரில்லை, மேடையேறி ஒரு வரி வசனம் உளறியவரில்லை, ஆனால் ஊரில் எந்த நாடகம் நடந்தாலும் முன்வரிசையில் முதல் ஆள். கதாநாயகி சாகிறாள். அரங்கமே மூக்கைச் சிந்துகிறது. இவர் பக்கத்து ஆளின் காதில், "விளக்கு வலப்பக்கம் இருக்கு, நிழலும் வலப்பக்கமே விழுது, கவனிச்சீங்களா?" என்பார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு நிழலைப் பார்ப்பான். அப்புறம் அவள் செத்தால் என்ன, பிழைத்தால் என்ன?

இடைவேளையில் ஒரு கையில் வாஃபிளும் மறு கையில் காப்பியுமாக நிற்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூலத்துல இப்படி இல்லையே." மூலத்தில் எப்படி என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி ஊன்னி சாப்பாட்டு மேசையில் மெழுகுவத்தி ஏற்றினால், மீனுக்குப் பக்கவாட்டு ஒளி போதவில்லை என்று அதை இங்கும் அங்கும் நகர்த்துவார். "மீனு ஆறுது. தின்னுட்டு நகர்த்துங்க," என்பாள் அவள்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குன்வோர் விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

குன்வோர் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். ஒரு பழைய நாடகத்தை எடுத்து, ஊர் ஆட்களையே நடிக்க வைத்துப் படமாக்கினாள். கடலில் செத்துப்போனதாக நினைத்த கணவன் கோடை இரவொன்றில் படகு வலித்து வருகிறான். கரையில் நிற்கும் மனைவி அவன் முகத்தை அடையாளம் காண்கிறாள். அந்த ஒரு பார்வைதான் படமே. கணவன் வேஷம் எனக்கு. ஜூன் மாத நள்ளிரவு வெயிலில், விளக்கே இல்லாமல் எடுத்தாள். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து, திரையிடப் படம் பொறுக்குகிற ஓர் அம்மாள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவளுக்குப் பிடித்தால் தலைநகரில் திரையிடுவார்கள். இல்லையென்றால் அவளுடைய பல வருஷத்து உழைப்பும் பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே பார்க்கட்டுமே என்று, போயும் போயும் தோர்க்ரிமிடம் காட்டினாள்.

"ராத்திரிக் காட்சி ஏன் பளபளன்னு இருக்கு?" என்றார்.

"நம்ம ஊர்ல ஜூன்ல சூரியன் மறையாதே, டாக்டர்."

"அது ஊரு, குன்வோர். இது கலை. ராத்திரின்னா நீலம். புத்தகத்துல படம் போட்டே காட்டியிருக்கான்."

இதைச் சொன்னது ராத்திரிச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு. ஜன்னல் வழியே அடித்த வெயிலுக்குக் கண் கூசுகிறதென்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் சொன்னார்.

"உன் கண்ணு என்ன சொல்லுது?" என்று கூடவே இருந்த நான் குன்வோரைக் கேட்டேன்.

"என் கண்ணுக்கு என்ன தெரியும்? மீனு வெட்டுற கண்ணு. படிச்சவரு சொல்றாரே," என்றாள். அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் போட்டு இருட்டு நீலத்தில் முக்கியெடுத்தாள்.

ஓஸ்லோ அம்மாள் வந்தாள். விளக்கணைந்தது. படகும் வந்தது. "படகுல என்னடா அது, ஆளா, மூட்டையா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். மனைவி எதைப் பார்த்து அழுகிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை, மூட்டை நான்தான். படம் முடிந்து யாராவது கருத்துச் சொல்லுங்கள் என்றதும் தோர்க்ரிம் எழுந்தார்.

"மூலத்துல இது கோடை ராத்திரி. நம்ம ஊர்ல ஜூன்ல ஏதுங்க இருட்டு? இயக்குநர் ஒருதரம் ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பார்த்திருந்தாப் போதும்."

இயற்கை ஒளியைப் பற்றி நாலாவது புத்தகம் அந்த வாரம்தான் தபாலில் வந்ததாம்; ஊன்னி பிறகு சொன்னாள்.

எனக்குக் கை பரபரத்தது. ஓஸ்லோ அம்மாளோ தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். படத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டாள். வருகிற இலையுதிர்காலத்தில் தலைநகரில் தோர்க்ரிம் உரையாற்றுகிறார். தலைப்பு, 'கண்ணால் பார்ப்போம்'.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: 'நீலத்தைக் கொஞ்சம் குறைத்து, முகத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு வெளிச்சம் கொடுத்திருந்தால் தீர்ந்ததே' என்று நடுவில் உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதா, இல்லையா?

குன்வோர் இப்போது இன்னொரு படம் எடுத்து முடித்திருக்கிறாள். "வெளியாளுங்க யாராச்சும், நாலு விஷயம் தெரிஞ்சவங்க, ஒருதரம் பார்த்துச் சொன்னாத் தேவலை," என்றாள். சட்டென்று உங்கள் ஞாபகம்தான் வந்தது. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.