நடுப்பகல் அமைதியும் பின்லாந்தில் மூன்றாம் இடமும்

ஓஃபன்பாக்,
14 மே 1994

அன்பும் மதிப்பும் மிக்க தங்கை இர்ம்கார்டுக்கு,

அண்ணன் எக்கெஹார்ட் எழுதுவது. உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என்றும், உன் பல்செட் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை என்றும் நம்புகிறேன். இங்கு நானும் நலம், கட்டடமும் நலம்.

நாளை ஞாயிறன்று காரோடு வந்து, என்னிடம் தங்கியிருக்கும் உன் மகன் தீலோவைப் பட்டறை வேலைக்கே அழைத்துப் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். ஓராண்டில் அவனுடைய பாட்டுப் பைத்தியம் தெளியாவிட்டால் நானே அனுப்பிவைப்பேன் என எழுத்தில் வாக்களித்தவன் நான். கெடு நேற்றோடு முடிந்தது. அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்குமாறு கேட்கவே, இன்றிரவே சேரும் விரைவுத் தபாலில் இக்கடிதம்.

நவம்பரில் ஒருநாள் பிற்பகல் 1.20க்கு, தீலோ பாட்டுப் பதிவு செய்யும் நிலவறையில் மேளம் அதிர்ந்தது. ஒன்று முதல் மூன்று வரை அமைதி காக்க வேண்டும் என்பது வீட்டு விதிகளின் நான்காம் பிரிவு. அதைச் சட்டமிட்டு மாடிப்படியில் மாட்டியவனே நான். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை, ஆகவே நான்காம் பிரிவை உரிய இடங்களில் நிறுத்தி நிறுத்தி உரக்க வாசித்தேன், உள்ளே மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தீலோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இன்னொரு தடவை! அதே கோபத்தோட!" "எனக்குக் கோபமில்லை. இது விதி." "அதான் மாமா, அந்த 'இது விதி'யையும் சேர்த்துச் சொல்லுங்க!" மூன்று மணி ஆகும்வரை காத்திருந்து சொன்னேன்.

அதை வைத்து அவன் செய்த பாட்டுதான் இன்று தரவரிசையில் பின்லாந்தில் மூன்றாம் இடம், இத்தாலியில் ஏழு, இஸ்ரேலில் இரண்டு. ஆஸ்திரியாவில் மட்டும் நாற்பத்தொன்று. அங்கே நடுப்பகல் அமைதி பன்னிரண்டுக்கே தொடங்குவதுதான் காரணம் என்று கருதுகிறேன். தொலைக்காட்சியில் சட்டை போடாத டச்சு இளைஞன் ஒருவன் என் குரலுக்கு வாயசைக்கிறான். அரை நொடி பிந்துகிறான், எழுதித் தெரிவித்துவிட்டேன். நான் வேலை செய்யும் எடை அளவு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காலை வணக்கம் மட்டுமே சொல்லிவந்த மேலாளர், தராசுக்குப் பின்னால் தோளை ஆட்டி, "ரூமான் ஐயா, இது விதியாமே!" என்கிறார். இரண்டாம் மாடி வீபுஷ் அம்மாளோ, "நிறுத்துன்னு சொல்ற பாட்டையே என் பேரன் நிறுத்த மாட்டேங்கிறான், இதுக்கு எந்தப் பிரிவு?" என்று கேட்கிறார்.

தங்கையே, எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவன் மேளம் நிமிடத்துக்கு 138 அடி. அலுவலகக் கடிகாரம் வைத்துச் சோதித்தேன், ஓரடி பிசகவில்லை. நம் குடும்பத்தில் எனக்கு அடுத்தபடியாக அளவு பிசகாதவன் அவன்தான். அவனை இங்கேயே விடு. வருவதானால் ரயிலில் வா, பிளம் கேக்கோடு. விதிமீறல் பற்றிக் கவலை வேண்டாம்: ஒன்று முதல் மூன்று வரை நிலவறைச் சாவி என் பையில்தான் இருக்கும்.

நீ செய்யும் பற்கள் எவர் வாயிலும் உறுத்தாமல் பொருந்த வாழ்த்தும்,
எக்கெஹார்ட்

பின்குறிப்பு: தபாலுக்குப் புறப்படுமுன் நிலவறையில் தீலோவின் அடுத்த பாட்டுக்கு ஒரேயொரு வரி சொல்லிப் பார்த்தேன். கதவு இடிபட்டது. "யாருய்யா உள்ள? மணி ஒண்ணே முக்கால்! படிச்சவங்களா நீங்கள்லாம்?" என்று வீபுஷ் அம்மாள். திறந்தேன். என் பையில் சாவி, என் தலையில் ஹெட்போன். தீலோவோ அவரிடம், "அம்மா, இன்னொரு தடவை! அதே கோபத்தோட!" என்கிறான். ஒன்பதாம் பிரிவின்படி நிலவறையை உடனே காலி செய்யுமாறு எனக்கு நானே நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் இனித் தபாலில் சேராது. நாளை வாசலில் உன் கையில் தருகிறேன். காரோடு வந்திருப்பதும் நல்லதே. பின் இருக்கையில் கீபோர்டுக்கும் எனக்கும், பாட்டில் சேர்ந்துவிட்ட வீபுஷ் அம்மாளுக்கும் இடம் ஒதுக்கு. உன் பட்டறையில் நடுப்பகல் அமைதி விதி எதுவும் இல்லைதானே?