தண்டாயுதபாணியின் திருப்புமுனை

தன் வாழ்க்கையில் ஒரு திருப்புமுனை வந்தே தீரவேண்டும் என்று தண்டாயுதபாணி முடிவு செய்தது வில்பட்டியில், ஒரு கல்யாணப் பந்தியில், இரண்டாவது அப்பளம் விழுந்த நேரத்தில்.

பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "ஐயா யாருன்னு தெரியலையே?"

"நம்ம எம்.எல்.ஏ. சண்முகசுந்தரி இருக்காங்கல்ல..."

"அடேயப்பா! அவங்க டிரைவரா?"

அப்பளம் தண்டாயுதபாணியின் கையிலேயே நொறுங்கியது.

"வீட்டுக்காரன்!"

"அப்படிங்களா? அந்தம்மாவுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கிற மாதிரியே தெரியாதே. எப்பப் பாத்தாலும் பஸ்ஸுக்குள்ளதான இருக்காங்க!" என்றவர், பாயசம் வரும் திசை பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. சண்முகசுந்தரி அந்த மலைத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கார் உண்டு. ஆனால் ஊர்களைப் பார்க்கப் போவது பஸ்ஸில். "காரை நிறுத்தி எவன் வந்து கொறை சொல்லுவான்? பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தா தானாச் சொல்லுவான்" என்பது அவர் கட்சி. பூண்டு மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே உட்கார்ந்து பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேருவதற்குள், எந்த ரேஷன் கடைத் தராசு சாய்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை, யார் கேரட்டைக் காட்டுமாடு மிதித்தது என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். பிறகு சென்னைக்குப் போய், துண்டுச்சீட்டுகூட இல்லாமல், சட்டசபையில் எழுந்து கேட்பார். அவர் எழுந்தாலே அமைச்சர்கள் தண்ணீர் கிளாஸைத் தேடுவார்கள் என்று தொகுதியில் பேச்சு.

தண்டாயுதபாணிக்கு இதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மலையளவு பெருமை. ஆனால் அவருக்குப் பெருமை மட்டும் போதவில்லை, பங்கும் வேண்டும். எத்தனையோ ஊர்களில் மனைவி ஜெயிப்பாள், கணவன் நாற்காலியில் உட்காருவான். கையெழுத்து அவளுக்கு, மாலை அவனுக்கு. மனைவி வாங்கிய ஓட்டில் கணவனும் ஜெயித்ததாக எந்தச் சட்டம் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதிலும் இல்லை. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்கிறார்களே, மலையேறியிருந்தால் இங்கேதானே வந்து சேர்ந்திருக்க வேண்டும், எங்கே காணோம் என்பது தண்டாயுதபாணியின் ஏக்கம்.

வீட்டிலும் அவர் எதிர்க்கட்சிதான். அதிலும் ஒரே ஓர் உறுப்பினர் கொண்ட எதிர்க்கட்சி.

"சுந்தரி, கொழம்புல உப்பு இல்ல."

"உறுப்பினர் முன்கூட்டியே கேள்வி குடுக்கல. உக்காருங்க."

"அப்படின்னா நான் வெளிநடப்பு செய்றேன்!"

"கம்பளிய எடுத்துட்டுப் போங்க."

கொடைக்கானல் குளிரில் வெளிநடப்பு செய்கிறவர் வெரசாக உள்நடப்பும் செய்தாக வேண்டும். தண்டாயுதபாணியின் வெளிநடப்பு எதுவும் கோழிக்கூண்டைத் தாண்டியதில்லை.

சமீபத்திய வெளிநடப்பு ஒரு நிலத்துண்டுக்காக. அவர்கள் ஊர் கோம்பைமேடு, பூம்பாறைக்கு மேலே. பஸ் பூம்பாறையோடு நின்றுவிடும். கோம்பைமேட்டுக்கு ரோடு இருக்கிறது. பஸ் ஏறவும் ஏறும். ஏறின பஸ் திரும்ப இடம் கிடையாது. ஊர் முழுக்கப் படி படியாக வெட்டின பூண்டு வயல். அகலமாய், தட்டையாய்க் கிடப்பது ரோட்டோரத்தில் ஒரே ஒரு துண்டு, அது தண்டாயுதபாணியின் பாட்டன் சொத்து. அங்கே ஹோம்ஸ்டே கட்டி, 'எம்.எல்.ஏ. வில்லா' என்று போர்டு மாட்டி, கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவது அவர் கனவு.

சட்டசபையில் சண்முகசுந்தரி இந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருந்தார். "திரும்ப இடம் கொடுத்தால் மறுமாதமே பேருந்து விடப்படும்" என்றார் அமைச்சர், யார் தரப்போகிறார்கள் என்ற தைரியத்தில். சண்முகசுந்தரி வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைக் கணவரிடம் கேட்டார்.

"அந்த எடத்த மட்டும் கேக்காத."

"வீரம்மா மக சௌம்யா தெனம் பூம்பாறைக்கு நடந்து பஸ் பிடிச்சு காலேஜுக்குப் போகுது. மொத வகுப்பு எப்பவும் போச்சு. வருகைப்பதிவு கொறையுது, பரீட்சை எழுத விடமாட்டேங்கறாங்களாம்."

"வெள்ளனே எந்திரிச்சுப் போகச் சொல்லு!"

"இருட்டுல, காட்டுமாட்டுக்கு நடுவுல நீங்க போவீங்களா?"

தண்டாயுதபாணி வெளிநடப்பு செய்தார். அதற்குமேல் சண்முகசுந்தரி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவி ஒரு பேச்சை எடுக்கவில்லை என்றால் கணவன் பயப்பட வேண்டும். தண்டாயுதபாணி ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

வில்பட்டிக் கல்யாணத்துக்கு மறுநாள் சண்முகசுந்தரி கூட்டத்தொடருக்காகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தண்டாயுதபாணி கதவோரம் வந்து தொண்டையைச் செருமினார்.

"ஏன் சுந்தரி, நீ சட்டசபையில கெடந்தா சனங்க யார்ட்டப் போயி சொல்லும்?"

"போன்ல சொல்லும்."

"சிக்னல் இல்லைன்னா?"

"உங்களுக்கு என்ன வேணும்? நேராச் சொல்லுங்க."

"ஒரே ஒரு மக்கள் சந்திப்பு. உனக்குப் பதிலா நான் நடத்துறேன். நம்ம ஊருலயே."

சண்டை வரும் என்று ஏழெட்டு வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். சண்முகசுந்தரி ஒரு சேலையை மடித்தார். அதையே பிரித்து இன்னொரு தடவை மடித்தார்.

"சரி. நடத்துங்க."

"என்னது?"

"நடத்துங்கங்கறேன். ஆனா ஒண்ணு. சபையில சொன்னது சொன்னதுதான். அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"தண்டாயுதபாணி என்னிக்குப்புள்ள பேச்சு மாறியிருக்கான்?"

"ரெம்ப நல்லது. மைக்செட்டுக்கு நானே சொல்லிவிடறேன். பெரிய வேனாவே வரச் சொல்றேன். கூட்டம் போட எடந்தான்... நம்ம தட்டை எடம் இருக்கே."

மைக்! வேன்! தண்டாயுதபாணி நெகிழ்ந்துபோய்ப் பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்.

கூட்டத்தன்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஒரு சால்வை. சால்வையை அவரே வாங்கி, மைக்செட்காரரிடம் கொடுத்து, தனக்குப் போர்த்தச் சொன்னார். ஊரே வந்திருந்தது. ஓரத்தில் ஒரு காட்டுமாடும் நின்று கேட்டது.

"கேரட்டை மாடு மிதிக்குது, மாமா."

"இனி மிதிக்காது. முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க!"

காட்டுமாடு தலையை ஆட்டியது.

"செல்போன் சிக்னல் விட்டு விட்டு வருது, இன்னொரு டவர் வேணும்."

"முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க!"

"மழை நிக்கவே மாட்டேங்குது."

"அதுவும் முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க!" என்றார். உடனே தூறல் போட்டது. யாரும் பெரிதுபடுத்தவில்லை. மைக்கில் தன் குரலைத் தானே கேட்கும் சுகம் இருக்கிறதே, அது தண்டாயுதபாணிக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து வீரம்மாள் எழுந்தாள். மூட்டை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பக்கத்தில் மகள் சௌம்யா, கையில் செல்போன்.

"தம்பி, இம்புட்டுப் பெரிய மைக்செட்டு வேனு இங்கன எப்பிடித் திரும்புச்சு?"

"ஏன் திரும்பாது? நம்ம எடம்லக்கா! சும்மா வட்டமடிச்சுத் திரும்புச்சு!"

"அப்ப ஒரு பஸ்ஸு வந்தா?"

"பஸ்ஸு என்ன, ரயிலே திரும்பும்!"

"எம் மக காலேஜுக்கு நேரத்துக்குப் போகணும் தம்பி. பஸ்ஸு திரும்ப எடங் கெடைக்குமா?"

"முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க!"

சொல்லிவிட்டு அடுத்த மனுவுக்குக் கையை நீட்டினார். மனு வரவில்லை. வந்தது கைதட்டல். அந்தச் சத்தத்தில் காட்டுமாடு மிரண்டு ஓடியது.

"மாமா, வீடியோ எடுத்துட்டேன். எல்லா குரூப்புக்கும் அனுப்பிட்டேன்" என்றாள் சௌம்யா.

எதற்குக் கைதட்டினார்கள் என்பது தண்டாயுதபாணிக்கு வீட்டுக்கு வந்து வேட்டியைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அலறிக்கொண்டு போனை எடுத்தார்.

"சுந்தரி! வாய் தவறிப்போச்சு!"

"பாத்தேங்க வீடியோல. என்ன தெளிவு, என்ன கணீர்! டிவியப் போடுங்க, சபை கூடப்போகுது" என்று வைத்துவிட்டார்.

திரையில் சண்முகசுந்தரி எழுந்தார். எதிரே அமைச்சர் தண்ணீர் கிளாஸைத் தேடினார்.

"பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் கோம்பைமேட்டில் ஒரு விவசாயி, தன் பாட்டன் சொத்தில், பேருந்து திரும்ப இடம் தருவதாக ஊரறிய அறிவித்திருக்கிறார். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக, யாரும் கேட்டு வற்புறுத்தாமல், தானாக முன்வந்தவர். அவர் பெயர் தண்டாயுதபாணி. இடம் வந்துவிட்டது. மறுமாதமே என்று அமைச்சர் சொன்னாரே, அந்த மறுமாதம் எது?"

மேசைகள் தட்டப்பட்டன. அமைச்சருக்கு வேறு வழி இருக்கவில்லை. வரும் மாதம் என்றார். தண்டாயுதபாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாதி நிலத்துக்காக. மீதிப் பாதி, அத்தனை பெரிய சபையில், யாருக்கும் அஞ்சாத அந்தக் குரல் தன் பெயரைச் சொன்னதற்காக. இந்தப் பொம்பளைக்கா நாம் பதிலாள் ஆகப் பார்த்தோம் என்று ஒரு நிமிடம் நினைத்தார். ஒரு நிமிடம்தான். சபை கலைந்ததும் மறுபடி போனை எடுத்தார்.

"சுந்தரி, அந்தப் பேச்ச நீக்கச் சொல்லேன்."

"அவைக்குறிப்புல ஏறிருச்சுங்க. சபாநாயகர் நெனச்சாத்தான் நீக்க முடியும்."

"அவர்ட்டச் சொல்லு!"

"நம்ம வீட்டுச் சபாநாயகர்ட்டக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

தண்டாயுதபாணி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்ப அங்க போர்டுல எம்பேரு வரணும். கொட்டை எழுத்துல."

"முழுப் பேரும் போட விதி எடங்குடுக்காதுங்க. பாதிப் பேரு வரும். நான் பொறுப்பு."

"பாதின்னா முன்பாதி வரணும்."

"முன்பாதிதான்."

நிலம் ஊராட்சி பெயருக்கு மாறியது. பஸ் வந்தது. கோம்பைமேட்டில் அன்று விடியும் முன்பே வாழைமரம் கட்டியாகிவிட்டது. சௌம்யாவும் இன்னும் நாலைந்து பெண்களும் புத்தகப்பையோடு முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் பிடித்தார்கள். பூண்டு மூட்டை பஸ்ஸில் ஏறுவதைக் கை வீசிக்கொண்டு பார்த்தாள் வீரம்மாள். அந்தக் கழுத்து நிமிர்ந்திருந்ததைப் பார்த்துத் தண்டாயுதபாணியே ஒரு மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டார்.

"ரெம்பச் சந்தோசம் தம்பி" என்றாள் வீரம்மாள். "சுந்தரி அப்பவே சொல்லிச்சு. 'எங்க வீட்டுக்காரர்ட்ட எடத்தக் கேக்காதீங்கக்கா, மைக்கக் குடுத்துட்டுக் கேளுங்க'ன்னு."

தண்டாயுதபாணி மெல்ல மனைவியைப் பார்த்தார். சண்முகசுந்தரி ரொம்ப மும்முரமாகப் போர்டின் திரையை விலக்கிக்கொண்டிருந்தார். சௌம்யா ஜன்னல் வழியாக உரக்கப் படித்தாள்:

"பேருந்து திருப்புமுனை. இங்கு வாகனம் நிறுத்துவோருக்குத் தண்டம் விதிக்கப்படும்."

'தண்டம்' மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பாதிப் பேரு வந்திருச்சுங்களா?" என்றார் சண்முகசுந்தரி. "நானும் சொன்ன சொல்ல மாத்தல."

தண்டாயுதபாணிக்கு ரத்தம் கொதித்தது. இந்த முறை கோழிக்கூண்டு வரை இல்லை, ஊரை விட்டே வெளிநடப்பு! விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறினார். விசில் ஒலித்தது. வண்டி அவர் பாட்டன் சொத்தில் ஒரு வட்டமடித்துத் திரும்பி, மலையிறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெளிநடப்பு முழுமையாக நிறைவேறிய நிம்மதியில் அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"பொம்பளைங்களுக்குத்தாண்ணே இலவசம். நீங்க டிக்கெட் எடுக்கணும். எங்க போறீங்க?"

அதை அவர் யோசிக்கவில்லை. "இந்த பஸ்ஸு எங்கதான்யா போகுது?"

"கொடைக்கானல் போயிட்டு, மறுபடி இங்கனதாண்ணே வந்து திரும்பும். போக வர சேத்தே போட்டுரட்டுமா?"