ரெண்டுமே அன்ஹெல்த்தி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. அது அவர்கள் தவறல்ல. யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பிரின்டரைப் பழுது பார்க்கச் சொல்வதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவேன். கொஞ்சம் மெனக்கெட்டு விளக்கியிருந்தால், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அப்படியொரு கூத்து நடந்திருக்காது.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டர்களுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டு, "நீங்க அங்க போங்க, நீங்க இங்க வாங்க" என்று கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டுக்கு வரும் கூட்டத்தை அப்படிப் பிரித்து வெவ்வேறு சர்வர்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு லோடு பேலன்ஸர் என்று பெயர். அந்த ஆள் அடிக்கடி ஒவ்வொரு கவுன்ட்டரையும் பார்த்து "இருக்கியா?" என்று குரல் கொடுப்பார். "இருக்கேன்" என்று பதில் வந்தால் கூட்டத்தை அனுப்புவார். வரவில்லையென்றால் ஒருவரையும் அனுப்ப மாட்டார். இந்த விசாரிப்புக்குப் பெயர் ஹெல்த் செக். பதில் சொல்லாத சர்வருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'அன்ஹெல்த்தி' என்று விழும். (இந்தப் பேரை வெச்சவர் மட்டும் என் கையில கிடைச்சாருன்னா!)

அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் எங்கள் சமையலறையில் பேச்சு நின்றுபோகும், அவ்வளவு பக்கம். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர். நான் ஒரே பெண். பெருங்களத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. டியூஷன் சென்டர்களில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மாதிரித் தேர்வு நடத்துவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய தேர்வு. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் முறை அன்று என்னுடையது. மாப்பிள்ளை வீட்டார் முடிச்சூரிலிருந்து வருவதும் அன்றைக்குத்தான்.

"இன்னைக்கு ஒருநாள் லீவு சொல்லக் கூடாதா ஜெனி?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் ஆகாதும்மா. போனை ஒரு கண்ணு பார்த்துக்கிட்டா போதும்."

அந்த வயதில் எனக்கு எல்லாமே ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளக் கூடியதாகத்தான் தெரிந்தது, கல்யாணம் உட்பட.

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜெபராஜ் அங்கிள், அவர்கள் சர்ச் சபையில் மூப்பர். பேசும்போதே பாதி ஜெபம் மாதிரி இருக்கும். அம்மா கிரேஸ் ஆன்ட்டி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிட்னி வார்டில் ஹெட் நர்ஸாக இருந்தவர். அவர் ஒருவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்வதற்குள் நாடி பிடித்துவிடுவார் என்று சொல்வார்கள். மூன்றாவதாக எபி. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். உள்ளே வந்ததும் என்னைப் பார்க்காமல், ஜன்னலோரம் அப்பா வைத்திருந்த மணி பிளான்ட்டைப் பார்த்து "தண்ணி ஜாஸ்தியாகுது அங்கிள்" என்றார். அப்பாவுக்கு அந்த நிமிடமே மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது.

கேக்கும் அச்சு முறுக்கும் காலியாகிக்கொண்டிருந்தபோது என் போன் அலறியது. பார்த்தேன். எங்கள் சர்வர் இரண்டுமே சிவப்பு. தேர்வு எழுதப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கும் நேரம் அது. வெப்சைட் திறக்கவே இல்லை. "ஒரு நிமிஷம்" என்று பின்பக்கம் ஓடி, துணி துவைக்கும் கல்லருகே நின்றபடி என்னோடு வேலை பார்க்கும் பிரசன்னாவைக் கூப்பிட்டேன்.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கல்லுக்கு மேலேதான் எங்கள் வாஷ்பேசின் ஜன்னல். அங்கே கிரேஸ் ஆன்ட்டி கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது நான் பேசிய பாதி மட்டும். அது இப்படி:

"ஹெல்த் செக் பெயில் ஆயிடுச்சு பிரசன்னா. ஆமா, ரெண்டுமே. ரெண்டுமே அன்ஹெல்த்தி."

"..."

"புதுசா ரெண்டு போட்டும் பார்த்துட்டேன். அதையும் ஏத்துக்க மாட்டேங்குது."

"..."

"ஐயோ, எம்.டி. சார் கிட்ட இப்ப சொல்லிடாத. வீட்ல ஆளுங்க வந்திருக்காங்க. அவங்களுக்கும் தெரிய வேணாம். இன்னைக்கு ஒருநாள் தாங்கினா போதும்."

(எம்.டி. என்றால் எங்கள் முதலாளி. நர்ஸ் காதில் அது பெரிய டாக்டர்!)

பிரசன்னாவிடம் "நீ எதையாவது தொட்டியா?" என்று கேட்டேன். "இல்லயே, கொஞ்சம் முன்னாடி செக்யூரிட்டிக்காகத் தேவையில்லாத வழியெல்லாம் மூடி வெச்சேன், அவ்வளவுதான்" என்றான். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. புது சர்வரும் எடுபடாத பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிடுவது. அதைத்தான் பக்தியோடு திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கிரேஸ் ஆன்ட்டி என்னை வேறு மாதிரி பார்த்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து என் பாதங்களைப் பார்த்தார்.

"கால் வீங்குமாம்மா?"

"சில நாள் வீங்கும் ஆன்ட்டி. ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கிறதுல."

"தண்ணி எவ்வளவு குடிக்கிற?"

"அதுக்கெல்லாம் எங்க ஆன்ட்டி நேரம்?"

"ராத்திரி தூக்கம்?"

"இது சரியாகிற வரைக்கும் தூக்கமே வராது" என்றேன், போனைப் பார்த்தபடி.

ஆன்ட்டி கண் கலங்கினார். நர்ஸ் என்பதால் அக்கறையாக விசாரிக்கிறார், எவ்வளவு நல்ல மாமியார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய் அங்கிளின் காதில் ஏதோ சொன்னார். அங்கிள் கேக் தட்டைக் கீழே வைத்தார்.

"பிரதர், நாம ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்றார். சம்பந்தம் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அம்மாவின் முகம் சுருங்கியது. எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம்.

முதலில் இந்த வீட்டுக்காக நன்றி சொன்னார். அப்பா அம்மாவுக்காக நன்றி சொன்னார். பிறகு குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, எங்க அருமை மகள் ஜெனியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இந்தச் சின்ன வயசுல இப்படியொரு பாரமா தகப்பனே? அவளுடைய சரீரத்தில் செயலற்றுப்போன ஒவ்வொரு அவயவத்தையும் நீர் தொடுவீராக. மனுஷர் போட்டதை ஏத்துக்காத சரீரம், நீர் கொடுக்கிறதை ஏத்துக்கொள்ளட்டும்..."

அப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தேன், ஏனென்றால் போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அழத் தொடங்கியிருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது; ஜெபத்தில் குரல் உடைந்தால் அம்மாவும் உடைந்துவிடுவாள்.

"...அடைபட்டிருக்கிற வழிகளை எல்லாம் இந்த வேளையிலே திறந்தருளும் ஆண்டவரே!"

வழி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழியெல்லாம் மூடி வைத்தேன் என்று பிரசன்னா சொன்னானே! "ஆமென்" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டு அறைக்குள் ஓடினேன்.

லேப்டாப்பைத் திறந்து, நேராக ஒரு சர்வருக்குள்ளேயே போய் "இருக்கியா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இருக்கேன்" என்று கல்லுமாதிரி பதில் சொன்னது. இன்னொன்றும் அப்படியே. இரண்டுக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. லோடு பேலன்ஸர் எந்த விலாசத்திலிருந்து வந்து நலம் விசாரிக்குமோ, அந்த விலாசத்தையும் சேர்த்துத்தான் பிரசன்னா மூடியிருந்தான். விசாரிக்க வந்தவரை வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே இருப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? நானோ நன்றாக இருந்தவர்களைப் பிடித்துத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த விலாசத்துக்கு வழிவிட்டேன். சிவப்பு மறைந்து பச்சை வந்தது. பிள்ளைகள் சரசரவென்று தேர்வுக்குள் நுழையத் தொடங்கினார்கள்.

இருந்த சந்தோஷத்தில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"பொழச்சிருச்சு! ரெண்டுமே பொழச்சிருச்சு!"

ஹாலில் இருந்து ஜெபராஜ் அங்கிளின் குரல் அதைவிடச் சத்தமாக வந்தது: "ஸ்தோத்திரம்!"

வெளியே வந்தேன். அங்கிள் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார். கிரேஸ் ஆன்ட்டி சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மட்டும் நிதானமாக, "எது பொழச்சுதுன்னு யாராவது எனக்குச் சொல்றீங்களா?" என்றார்.

"சர்வர்ப்பா."

"சர்வரா?" என்றார் ஆன்ட்டி. "அப்போ கிட்னி?"

"யாரோட கிட்னி?" என்றாள் அம்மா.

நான் விளக்க ஆரம்பித்தேன். டிக்கெட் கவுன்ட்டர், கூட்டம், குரல் கொடுக்கும் ஆள் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காது சூடேறிக்கொண்டே போனது. முதலில் சிரித்தது எபி. சத்தமில்லாமல் தோள் குலுங்க ஆரம்பித்து, பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்ற நான், அவர் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அவரை அன்று முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் ஆன்ட்டி நம்பவில்லை. கிட்னி வார்டில் பொய் சொல்லும் குடும்பங்களை நிறையப் பார்த்தவர். "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே" என்றார். அப்பாவின் மீசை துடித்தது. வார்த்தை முற்றுவதற்குள் எபி குறுக்கே வந்தார்.

"நானும் எடுக்கிறேன் அங்கிள். ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம்."

நாங்கள் இருவர் மட்டுமான முதல் சந்திப்பு அதனால் சேலையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், வெறும் வயிற்றில் நடந்தது. பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு இருவரும் வெளியே வந்து, கேம்ப் ரோடில் ஒரு சின்ன ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். பனி விலகாத காலை. பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. அவர் தன் வடையில் பாதியை என் தட்டில் வைத்தார். அந்தப் பொங்கலின் மிளகு வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது. ரிசல்ட்டில் என் கிட்னி இரண்டும் சொக்கத்தங்கம். கொலஸ்ட்ரால் அவருக்குத்தான். கிரேஸ் ஆன்ட்டி அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கல்யாணத் தேதியைப் பேசலாம்" என்றார்.

இப்போது முடிச்சூரில் இருக்கிறோம். அப்பா போய்விட்டார். இருந்தவரைக்கும் தினமும் சாயங்காலம் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல், "இருக்கியா?" என்பார். "இருக்கேன்ப்பா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். பிரசன்னா என் கல்யாணத்துக்கு வந்து, தான்தான் அதற்குக் காரணம் என்று தெரியாமலே என் மாமனாரின் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனான்.

மாமனார் அந்தக் கதையை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று சபையில் சாட்சியாகவே சொல்லிவிட்டார். சர்வர் பகுதி அவருக்கு எப்போதும் விட்டுப்போகும். மாமியார் சொல்வது இன்னும் சுருக்கம்: "ரெண்டும் பெயில்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டு வந்தோம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். அந்தக் கண் சிமிட்டல் கேட்டவர்களுக்குத் தெரிவதில்லை.

போன வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் இரக்கம்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

பக்கத்தில் எபியின் தோள் குலுங்கத் தொடங்கியது. எங்கே ஆரம்பித்து எப்படி விளக்குவது என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ரெண்டுமே நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார் அவர்.