பெல்லட் விலை இறங்கும்வரை

இந்த வருஷம் பெல்லட் எப்போது வாங்குவது என்பதை இந்த வீட்டில் நான்தான் தீர்மானிப்பேன் என்று ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், காலை உணவு மேஜையில், அவித்த முட்டையை உடைத்துக்கொண்டே அறிவித்தேன்.

ரோஸ்விதா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சரி," என்றாள்.

முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் என் முதல் வாக்கியத்துக்கே அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை. பரவசத்தில் முட்டையோட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டேன்.

என் பெயர் ஓட்டோகார். பெயருக்குள்ளேயே ஓட்டும் காரும் இருக்கின்றன. ஆனால் நான் ஓட்டியதெல்லாம் ரயில். அதுவும் நேரில் இல்லை. கிராட்ஸ் நகருக்கு வடக்கே ஓர் அறையில் உட்கார்ந்து, சிவப்பும் பச்சையுமாக விளக்கு மாற்றி ஓட்டினேன். முப்பத்தாறு வருஷம். எந்த வண்டி எப்போது புறப்படலாம் என்று சொல்லியே தலை நரைத்தவன். மார்ச்சில் ஓய்வு கொடுத்தார்கள். ஏப்ரலுக்குள் வீட்டையும் ஒழுங்குக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். பாத்திரம் கழுவும் மெஷின்மேல் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். ரோஸ்விதா உருளைக்கிழங்கு நறுக்கும்போது பின்னால் நின்று, எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று குறித்துக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. சிலருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இனி பெல்லட் விஷயம். எங்கள் ஊரில் பாதி வீடுகள் அதில்தான் சூடாகின்றன. மரத்தூளை அழுத்தி, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குச் செய்த குச்சிகள். மில்லிலிருந்து லாரி வரும், குழாயை மாட்டும், நிலவறைக் கிடங்குக்குள் ஊதிவிட்டுப் போகும். குளிர்காலம் முழுக்க கொதிகலன் அதைத் தின்றுகொண்டே இருக்கும். வசந்தத்தில் விலை குறைவு, இலை உதிரும்போது ஏறும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

ஆனால் என் பிரச்சினை விலை இல்லை. கிடங்கு.

ஏப்ரல் நடுவில் கிடங்கு காலியானது. கூட்டிச் சுத்தம் செய்ய இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அடடா, என்ன அமைதி. என்ன மரவாசனை. டாக்டர் எனக்குப் புகை போட்ட பன்றி இறைச்சியே கூடாது என்று சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. ரோஸ்விதா அதைச் சட்டமாக்கியிருந்தாள். அந்தச் சட்டம் செல்லாத ஒரே இடம் என் வீட்டுக்குக் கீழேயே இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே குடியேறினேன். பரணில் கிடந்த மாமியாரின் பழைய சாய்வு நாற்காலியை இறக்கினேன். கிடங்கின் தரை சமமாக இருக்காது. பெல்லட் சரிந்து நடுவில் விழ வேண்டும் என்று இரு பக்கமும் பலகைச் சரிவு. நாற்காலி வழுக்கியது. அதனால் பின்னங்கால் இரண்டையும் ஒரு சாண் அறுத்துவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு ரேடியோ. ஓர் ஆப்பிள் மதுப் பீப்பாய். ஆணியில் தொங்கும் ஒரு கறித்துண்டு.

பெல்லட் வந்தால் இதெல்லாம் போச்சு. எனவே பெல்லட் வரக்கூடாது. எனவே விலை இன்னும் இறங்க வேண்டும்.

"ஓட்டோ, மில்லுல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு," என்றாள் மே மாதத்தில். "இப்ப வாங்கினா மலிவாம்."

"தூக்கிப் போடு."

"எல்லாரும் வாங்கறாங்களே."

"அதனாலதான் நாம வாங்கக் கூடாது. கூட்டம் முட்டி மோதி ஏறுற வண்டில ஏன் ஏறணும்? அடுத்த வண்டி காலியா வரும்."

"அடுத்தது எப்ப?"

"ஜூலை. விலை சடசடன்னு இறங்கும் பாரு."

"அதுவரைக்கும் கிடங்கு சும்மா கிடக்குமே."

"சும்மா விடுவேனா? தினம் கீழ போய் ஈரம் ஏறுதான்னு பாக்கறேன். ஈரம் பட்டா பெல்லட் பொரி மாதிரி உப்பிடும்."

"பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஈரம் பாத்த உடனே தெரியாது ரோஸி. நிதானமா உக்காந்து கவனிக்கணும். மூணு மணி நேரமாவது வேணும்."

"நாலு மணி நேரமாவே பாரு. எதுக்கு அவசரப்படற?"

இப்படி ஒரு மனைவியை ஏமாற்றுகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கறி இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றபின் சரியாகிவிட்டது.

ஜூனில் பக்கத்து வீட்டு லாம்பெர்ட் வாசனை பிடித்து வந்து சேர்ந்தான். தீயணைப்புப் படையில் இருந்தவன். புகை எங்கே என்றாலும் அவன் மூக்குக்குத் தெரியும், புகை போட்ட கறி உட்பட. அவன் மனைவி ஹெர்மினே அவனை வேலி வெட்டச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வேலி கடைசிவரை வெட்டப்படவே இல்லை.

"நெஜமாவே விலை இறங்குமா ஓட்டோ?" என்றான் வாய் நிறைய.

"இறங்காம எங்க போகும்?"

"நானும் வாங்காம நிறுத்தி வச்சிருக்கேன்டா. நீ ரயில்வேக்காரன், உனக்கு நேரம் காலம் தெரியும்னு."

"கவலைய விடு."

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தினமும் காலையில் ரோஸ்விதாவுக்குப் பத்திரிகையிலிருந்து விலைகளைப் படித்து, கனடாவில் காட்டுத்தீ, பால்டிக்கில் கப்பல் தாமதம் என்று விளக்கம் சொல்லிச் சொல்லி, எனக்கே என்மேல் மரியாதை வந்திருந்தது.

"உன் வீட்டுக்காரிக்குச் சந்தேகமே வரலையா?" என்றான் லாம்பெர்ட்.

"ரோஸிக்கா? பெல்லட்டுக்கும் பென்சிலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. நான் சொன்னா தலையாட்டுவா. வெகுளி."

"ஹெர்மினே அப்படி இல்லடா. அவ ஒரு பூதம்."

மேலே தோட்டத்தில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புதன்கிழமைகளில் ரோஸ்விதாவின் சிநேகிதிகள் காபி குடிக்க வருவார்கள்.

"யாரையோ கிழிக்கறாங்க," என்றான் லாம்பெர்ட்.

"எவனோ பாவம்," என்று சொல்லி, அவனுக்கு இன்னொரு துண்டு நறுக்கினேன்.

ஜூலையில் விலை இறங்கவில்லை. ஆகஸ்டில் ஏறியது. செப்டம்பரில் ஓடியது. கோடை முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான், கிடங்குப் படியில்.

அதற்காக நான் நிறுத்திக்கொண்டேனா? இல்லை. ஐந்து மாதம் பிடிபடாமல் இருந்ததில் எனக்குக் குளிர் விட்டுப் போயிருந்தது. செப்டம்பர் கடைசியில் அது திரும்ப வந்தது. ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை உச்சியில் வெள்ளை. குளிக்க வெந்நீர் கூரைமேல் இருந்த சூரியத் தகட்டிலிருந்து வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ரோஸ்விதா கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டு, சமையலறை விறகு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இருமினாள்.

அந்த இருமல் என்னை உலுக்கியது. போன வருஷம் சளி நெஞ்சில் இறங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். ஒரு கறித்துண்டுக்காக அவளை மறுபடி அங்கே அனுப்பப் போகிறேனா? வெளியே போய் ஆப்பிள் மரத்தடியில் நின்றுகொண்டு மூன்று வியாபாரிகளுக்கு போன் செய்தேன்.

முதல் ஆள், "நவம்பர் கடைசி," என்றார்.

இரண்டாவது ஆள், "எந்த வருஷத்துக்குக் கேக்கறீங்க?" என்றார்.

மூன்றாவதாக ஒரு பெண். "ஐயா, விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் ஏப்ரல்லயே முடிச்சிட்டாங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றேன்.

ஒரு வாரம் சொல்லலாமா வேண்டாமா என்று புழுங்கினேன். குளிரில் புழுங்குவது மிகவும் கஷ்டம். அக்டோபர் ஐந்தாம் தேதி முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புக்கொள்வது. வெறுங்கையோடு எப்படி ஒப்புக்கொள்வது என்று, பஸ் பிடித்துப் போய் அவளுக்குப் பிடித்த கசகசா கேக் ஒன்று வாங்கினேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை. 'ரோஸி, நான் ஒரு முட்டாள்' என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

தெருமுனை திரும்பினேன். எங்கள் வாசலில் லாரி நிற்கிறது. யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் எங்கள் சுவருக்குள் போயிருக்கிறது. உள்ளே சடசடவென்று ஆலங்கட்டி மழைச் சத்தம்.

என் நாற்காலி. என் ரேடியோ. என் கறி.

கேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றேன். லாரிக்காரர் காதில் மூடி போட்டிருந்தார். எனக்குப் பதிலுக்குக் கையசைத்தார்.

ரோஸ்விதா மேல்கோட்டுடன் வாசலில் வந்து நின்றாள். "ஏன் நிறுத்தணும்?"

"இது... விலை... இன்னும் இறங்கலையே."

"இறங்கினப்பவே வாங்கிட்டேன்."

"எப்ப?"

"ஏப்ரல்ல. நீ முட்டைய உடைச்சு அறிவிச்சியே, அதுக்கு முந்தின நாள். நானும் ஹெர்மினேவும் சேர்ந்து மில்லுக்குப் போய் பணத்தக் கட்டிட்டு வந்தோம். அவங்க வீட்டுக்கு நாளைக்குப் போடறாங்க."

"ஏப்ரல்ல வாங்கினத அக்டோபர்லயா கொண்டு வர்றாங்க?"

"எப்ப வேணும்னு கேட்டாங்க. அக்டோபர்ன்னேன்."

எனக்குப் பாடம் புகட்டத்தான் தள்ளிப்போட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

"அப்ப நான் தினம் காலைல படிச்ச விலையெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கனடா தீ அணைஞ்சுதா?"

கிடங்கு இருந்த திசையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"ரேடியோவும் பீப்பாயும் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. கறிய லாரிக்காரருக்குக் குடுத்துட்டேன். அம்மா நாற்காலி கால அறுத்திருக்கியே, அதப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசலாம். அன்னைக்கு எனக்கு நேரம் இருக்கு."

"உனக்கு எப்படி... யாரு சொன்னது? லாம்பெர்ட்டா?"

"நீதான்."

சுவரைக் காட்டினாள். கிடங்கிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு குழாய் வரும். ஒன்றில் பெல்லட் ஊதுவார்கள், மற்றதில் தூசியை உறிஞ்சுவார்கள். மற்ற நாளில் காற்றுப் போக ஓட்டை போட்ட மூடி மாட்டியிருக்கும். முப்பத்தாறு வருஷம் கம்பி வழியாகவும் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகவும் பேசிப் பிழைத்தவனுக்கு, ஓட்டையில் காற்று போனால் பேச்சும் போகும் என்று தோன்றவில்லை. ஆப்பிள் மரத்தடியில் இருந்த தோட்டத்து மேஜை, அந்தக் குழாய்களை ஒட்டிச் சுவரோரமாக வந்திருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். போன் பேச அதே மரத்தடியில் நின்றபோதுகூடக் கவனிக்கவில்லை.

"மொதல்ல புதன்கிழமைக்கு மூணு பேர்தான் வந்துட்டிருந்தோம்," என்றாள். "ஆகஸ்ட்ல ஒம்பது பேர் ஆயிட்டோம். தபால்காரர் சம்சாரம் தானே நாற்காலி எடுத்துட்டு வந்தா."

"நான் பேசினது எல்லாம் கேட்டுச்சா?"

"வெகுளின்னியே, அது கேட்டுச்சு. பூதம்னப்ப ஹெர்மினேக்குக் காபி மூக்குல ஏறிடுச்சு. வீட்டுக்குப் போய் லாம்பெர்ட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் அவகிட்ட சத்தியம் வாங்கினோம். கேட்டா அப்புறம் நீங்க பேச மாட்டீங்களே."

என் வாயால் ஒன்பது பெண்கள், அதுவும் ஆகஸ்ட் வெயிலில், குளிர் காய்ந்திருக்கிறார்கள். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அந்தக் குளிர்காலத்தின் முதல் சூடு.

லாரி போனது. கொதிகலன் ஒரு முறை செருமி, மூச்சு விட ஆரம்பித்தது. அரை மணியில் சமையலறைக் குழாய்கள் டொக் டொக்கென்று விரிந்தன. ரோஸ்விதா மேல்கோட்டைக் கழற்றினாள். இருமல் இல்லை. அவள் கன்னத்தில் நிறம் திரும்புவதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஒத்திகை பார்த்ததை எடுத்துவிட்டேன்.

"ரோஸி, நான் ஒரு முட்டாள்."

"தெரியும். அந்த கேக்கை இப்படித் தள்ளு."

"இல்ல, சொல்றதக் கேளு. அஞ்சு மாசம் உன்ன மேல தனியா விட்டுட்டு நான் கீழ உக்காந்து தின்னுட்டு இருந்திருக்கேன். இனிமே அப்படி இல்ல. அடுத்த வருஷம் ஏப்ரல்லயே கிடங்க நெறச்சிடுவோம். மெஷினுக்குப் புது அட்டவணை போடலாம். உருளைக்கிழங்கு நறுக்கறப்ப நான் கூடவே நிக்கறேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உன் பக்கத்துலயே இருப்பேன்."

ரோஸ்விதாவின் கையிலிருந்த கத்தி கேக்கின் நடுவில் நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"அதெல்லாம் வேண்டாம் ஓட்டோ," என்றாள். "அடுத்த வருஷத்துக்கும் அக்டோபர்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். முடிஞ்சா டிசம்பருக்குத் தள்ளிப் போடுங்கன்னு கேட்டிருக்கேன்."